எழுதிய எண்ணுக்கு யார் பொறுப்பு?

அறவியலின் கிளைகள் - ஓர் எளிய அறிமுகம்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "அறவியலைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "சிவில் படிக்கிறவன் கான்கிரீட்டைப் பத்தி எழுதுவேன்னு பார்த்தா, அறத்தைப் பத்தி எழுதறேங்கிறியே!" என்று சிரித்தார். கான்கிரீட்டுக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் ஒரு வருடம் முன்பு தெரியாது. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிட்டே பாடத்துக்குள் போகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். ஆகவே இது பெரிய படிப்பு படித்தவன் எழுதும் கட்டுரை அல்ல. நூலகத்தில் தேடிப் படித்ததையும், ஆசிரியரிடம் கேட்டதையும், சைட்டில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். அவ்வளவே.

மூன்று எண்கள்

சென்ற விடுமுறையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் ட்ரெய்னிங் போயிருந்தேன். ஸ்லாப் போடும்போது அதே கலவையில் 150 மில்லிமீட்டர் க்யூப் போட்டு வைத்து, 28 நாள் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள் என்பது சிவில்காரர்களுக்குத் தெரியும். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எத்தனை கிலோநியூட்டன் சுமையில் க்யூப் உடைகிறதோ, அதை வைத்துத்தான் அந்த கான்கிரீட்டின் பலம் கணக்கிடப்படுகிறது.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே போடப்பட்ட ஒரு ஸ்லாப்புக்கு அன்று 28 நாள் முடிந்திருந்தது. ரிஜிஸ்டரில் மூன்று கட்டம் காலி. க்யூப் எங்கே என்று கேட்டேன். "அன்னிக்கு மழை தம்பி. அவசரத்துல க்யூப் போடல. போன ஸ்லாப்பு ரீடிங் மேல இருக்கு பாரு, அதுல அஞ்சு பத்து கூட்டிக் குறைச்சு மூணு போடு. உங்க ரெக்கார்டுல நீங்க போடாததா?" என்றார் சூப்பர்வைசர்.

போட்டேன். 585, 600, 570. சராசரி 585. க்யூபின் முகப்பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் சரியாக 26 வந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய எம்20 கான்கிரீட்டுக்கு அழகான விடை. கீழே என் கையெழுத்தையும் போட்டேன். ரிஜிஸ்டரில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு எழுதத் தெரிஞ்சது என் பேரு மட்டுந்தான். அதைப் பொய்யா எழுத முடியாது. உனக்கு எல்லாமே எழுதத் தெரியும். அதான்டா பயமா இருக்கு."

அன்று தூக்கம் வரவில்லை. நான் செய்தது தப்பா? தப்பு என்றால் ஏன் தப்பு? எல்லாரும் செய்கிறார்களே! ஸ்லாப் நன்றாகவே இருந்துவிட்டால்? இப்படிக் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, நான் பாயில் புரண்டு புரண்டு கேட்ட கேள்விகளெல்லாம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருபவை என்று. அவற்றைத் தரம் பிரித்து வைத்திருப்பதே அறவியல்.

அறவியல் என்றால் என்ன?

தத்துவத்தின் ஒரு பிரிவு அறவியல். ஆங்கிலத்தில் எத்திக்ஸ். பழக்கவழக்கம், குணம் என்று பொருள்படும் 'ஈதோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை ஒட்டிப் பிறந்த பெயர். ஒழுக்கவியல் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். சட்டமும் இதுவும் ஒன்றல்ல. சட்டத்தில் மாட்டாத தப்பும் உண்டு. ஒரு காலத்துச் சட்டமே தப்பாக இருந்ததும் உண்டு.

இதை நான்கு கிளைகளாகப் பிரித்துப் படிப்பது வழக்கம். நான்கு கேள்விகளாக நினைவில் வைத்துக்கொண்டால் பரீட்சைக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

ஒன்று, மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள்? இது விவரிப்பு அறவியல்.
இரண்டு, எப்படி நடக்க வேண்டும், ஏன்? இது நெறிமுறை அறவியல்.
மூன்று, 'சரி', 'தப்பு' என்ற சொற்களுக்கே என்ன பொருள்? இது மெட்டா எத்திக்ஸ்.
நான்கு, நம் தொழிலில், இந்த நிலைமையில் என்ன செய்வது? இது பயன்பாட்டு அறவியல்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விவரிப்பு அறவியல்

ஒரு ஊரில், ஒரு தொழிலில், ஒரு காலத்தில் மக்கள் எதைச் சரி என்று நினைத்தார்கள், எப்படி நடந்தார்கள் என்பதை உள்ளது உள்ளபடி பதிவு செய்வது இந்தக் கிளை. சர்வேயில் லெவல் எடுப்பது போல. மேடு ஏன் மேடாக இருக்கிறது, பள்ளத்தை நிரப்பலாமா என்பது லெவல் எடுப்பவர் வேலையல்ல. உள்ளதை எழுதுவது மட்டுமே வேலை.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்னது. பாரசீக மன்னன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களை அழைத்து, "என்ன கொடுத்தால் இறந்த தகப்பனின் உடலைத் தின்பீர்கள்?" என்று கேட்டானாம். எதைக் கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு அப்படித் தின்னும் வழக்கமுள்ள வேறொரு கூட்டத்தாரை அழைத்து, "என்ன கொடுத்தால் தகப்பன் உடலை எரிப்பீர்கள்?" என்று கேட்டானாம். அவர்கள் அலறிவிட்டார்களாம். அவரவர்க்கு அவரவர் வழக்கமே பெரிது என்பதற்கு ஹெரோடோட்டஸ் இதைக் காட்டுகிறார்.

நம் கதைக்கு வருவோம். லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் என்ன செய்கிறோம்? வர வேண்டிய விடை தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதுகிறோம். சீனியர் ரெக்கார்டு கிடைத்தால் அந்தச் சிரமமும் இல்லை. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் அது முதல் கேள்விக்கான பதில். அந்தப் பதிலைத் தூக்கி இரண்டாவது கேள்வியின் கட்டத்தில் எழுதுவதில்தான் நாம் எல்லாரும் தவறுகிறோம். 'எப்படி நடக்கிறார்கள்?' என்பதற்கு 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பது பதில். 'எப்படி நடக்க வேண்டும்?' என்பதற்கு அது பதிலே அல்ல.

ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739-40இல் வெளியிட்ட தம் நூலில் இதைச் சுட்டிக் காட்டினார். 'இருக்கிறது', 'இல்லை' என்று பேசிக்கொண்டே வருபவர்கள் திடீரென்று 'வேண்டும்', 'கூடாது' என்று தாவுகிறார்கள், அந்தத் தாவலுக்குக் காரணம் சொல்வதில்லை என்றார். மில்லிமீட்டரில் எடுத்த அளவை மாற்றாமலே மீட்டர் கணக்கில் போடுவது போன்ற பிழை இது. யூனிட் தப்பினால் விடை தப்பும். கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள் நண்பர்களே.

2. நெறிமுறை அறவியல்

எப்படி நடக்க வேண்டும், ஏன் என்று கேட்பது இந்தக் கிளை. இதில் மூன்று பெரிய வழிகள் உண்டு. செய்பவனின் குணத்தைப் பார்ப்பது ஒன்று. செயலைப் பார்ப்பது ஒன்று. செயலின் விளைவைப் பார்ப்பது ஒன்று.

(அ) குணவழி: கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) காட்டியது. 'என்ன செய்யலாம்?' என்பதைவிட 'எப்படிப்பட்ட மனிதனாக இருக்க வேண்டும்?' என்பது அவர் கேள்வி. கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் வீரம் இருக்கிறது என்றார். நற்குணம் பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது என்றும் சொன்னார். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று எங்கள் அப்பாவின் தொழில்! கட்டிக் கட்டியே கட்டுபவன் ஆகிறான், அதுபோல நியாயமாக நடந்து நடந்தே நியாயமானவன் ஆகிறான் என்கிறார். அப்படியானால் பொய் ரீடிங் எழுதி எழுதியும் ஒருவன் ஏதோ ஒன்றாக ஆகிக்கொண்டிருக்கிறான் அல்லவா?

நம் திருக்குறளில் அறத்துப்பாலுக்கு 38 அதிகாரங்கள் உண்டு. அவற்றுள் நடுவு நிலைமை, அடக்கமுடைமை, வாய்மை என்று பல அதிகாரங்கள் குணங்களின் பெயரிலேயே அமைந்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

(ஆ) கடமைவழி: ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் (1724-1804) காட்டியது. இவருடைய தகப்பனார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி என்று படித்தபோது எனக்கு இவர்மீது தனிப் பிரியம் வந்துவிட்டது. 1785இல் வந்த தம் நூலில் ஒரு சோதனை சொல்கிறார். நீ செய்வதை எல்லாரும் சட்டமாக வைத்துச் செய்தால், அந்தச் செயல் நிற்குமா என்று பார். நின்றால் செய், இடிந்தால் செய்யாதே.

என் மூன்று எண்களை இந்தச் சோதனையில் வைத்தேன். எல்லா சைட்டிலும் எல்லாரும் க்யூப் போடாமலே ரீடிங் எழுதினால், ரிஜிஸ்டர் என்ற பொருளையே யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாத ரிஜிஸ்டரில் பொய் எழுதிப் பயனில்லை. ஆக, மற்றவர்கள் உண்மை எழுதுகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் என் பொய் ஓடுகிறது. டிக்கெட் எடுத்தவர்கள் தயவில் ஓடும் பஸ்ஸில் ஓசிப் பயணம் போவது போல. மனிதர்களை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்பதும் கான்ட் சொன்ன முக்கியமான விதி.

(இ) விளைவுவழி: இங்கிலாந்தின் ஜெரமி பென்தம் (1748-1832), ஜான் ஸ்டூவர்ட் மில் (1806-1873) ஆகியோர் காட்டியது. எந்தச் செயலால் மொத்தத்தில் அதிக நன்மையும் குறைந்த துன்பமும் விளையுமோ அதுவே சரியான செயல். கணக்கில் ராஜாவுக்கும் ஒரு ஓட்டு, சித்தாளுக்கும் ஒரு ஓட்டு. யாருடைய துன்பமும் குறைவாக எண்ணப்படக் கூடாது. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, அப்புறம் என்ன தப்பு?" என்ற சமாதானமும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. அதற்குப் பதில் பிறகு.

ஒரு கட்டடம், மூன்று தீர்ப்பு

இந்த மூன்று வழிகளையும் ஒரு உண்மைச் சம்பவத்தில் பொருத்திப் பார்ப்போம். நியூயார்க் நகரில் 1977இல் கட்டி முடிக்கப்பட்ட சிட்டிகார்ப் கட்டடம். 59 மாடி. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால், நான்கு பெரிய தூண்களையும் மூலைகளில் வைக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்தார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வில்லியம் லமெஷரர்.

1978இல் ஒரு மாணவர் கேட்ட கேள்வியை ஒட்டி, தம் கட்டடத்தின் கணக்கை அவர் மறுபடி போட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் நேராக அடிக்கும் காற்றுக்குக் கட்டடம் தாங்கும். மூலையில் அடிக்கும் காற்றுக்குச் சில சாய்சட்டங்களில் விசை 40 சதவீதம் கூடியது. போதாததற்கு, வெல்டிங் செய்திருக்க வேண்டிய இணைப்புகளைக் கட்டும்போது போல்ட் போட்டு முடித்திருந்தார்கள். பலமான ஒரு புயல் வந்தால் கட்டடமே விழக்கூடும் என்பது அவர் போட்ட கணக்கு.

வெளியில் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் உரிமையாளர்களிடமும் நகர அதிகாரிகளிடமும் போய்ச் சொன்னார். இரவு நேரங்களில் வெல்டர்கள் உள்ளே போய் இரண்டு அங்குல இரும்புத் தகடுகளை இணைப்புகளின் மேல் வைத்து வெல்டிங் செய்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்த செப்டம்பரில் எல்லா என்ற புயல் கடலில் வந்து, திசை மாறிப் போனது. கட்டடம் பிழைத்தது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து இருந்த விஷயம் சொல்லப்படவே இல்லை. 1995இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அவர் செய்தது சரியா?

குணவழி சொல்கிறது: பேரும் புகழும் இருந்த நேரத்தில் தன் பிழையைத் தானே போய்ச் சொன்னது வீரம். ஆனால் பதினேழு வருட மௌனத்தை எந்தக் குணத்தில் சேர்ப்பது?

கடமைவழி சொல்கிறது: உரிமையாளரிடம் சொன்னது கடமை. உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவர்களிடம் மறைத்தது தப்பு. தங்கள் உயிரைப் பற்றித் தாங்களே முடிவு செய்யும் உரிமை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

விளைவுவழி சொல்கிறது: பீதி கிளம்பவில்லை, வேலை முடிந்தது, யாரும் சாகவில்லை, ஆகவே நல்லது. சரி, புயல் திரும்பாமல் நேரே வந்திருந்தால்? இங்கேதான் முன்பு சொன்ன சமாதானத்துக்குப் பதில் இருக்கிறது. முடிவு எடுக்கும் நேரத்தில் புயல் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அன்று இருந்த ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்று செய்த உதவியை நாம் செய்த நன்மையாக வரவு வைக்கக் கூடாது.

மூன்று வழிகளும் மூன்று தீர்ப்பு சொல்கின்றனவே, அப்படியானால் எல்லாம் வீண்தானா என்று கேட்கலாம். ஒரே கட்டடத்துக்கு பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று மூன்று வரைகிறோம். ஒன்று மற்றொன்றைப் போல் இருப்பதில்லை. அதனால் கட்டடம் பொய்யாகிவிடுமா? ஒன்றில் தெரியாதது மற்றொன்றில் தெரிகிறது. அப்படித்தான் இதுவும்.

3. மெட்டா எத்திக்ஸ்

கேன்டீனில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு நண்பன் சொன்னான்: "சரி தப்புன்னு ஒண்ணுமே கிடையாது மச்சான். பிடிச்சா சரிங்கறோம், பிடிக்கலைன்னா தப்புங்கறோம்." அவனுக்குத் தெரியாமலே அவன் மூன்றாவது கிளையில் ஏறிவிட்டான்.

'தப்பு' என்று சொல்லும்போது உலகத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறோமா, நம் மனத்தில் இருப்பதைக் கொட்டுகிறோமா? இதுதான் இந்தக் கிளையின் கேள்வி. ஜி.இ. மூர் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1903இல், 'நல்லது' என்பதை இன்பம், லாபம் போன்ற வேறு எதையும் கொண்டு வரையறுக்க முடியாது என்று வாதாடினார். ஏ.ஜே. அயர் 1936இல் ஒரு படி மேலே போனார். 'திருடுவது தப்பு' என்பது உண்மை, பொய் என்று சோதிக்கத்தக்க வாக்கியமே அல்ல, அது வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்றார். நண்பன் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. வேறு பலர் இதை மறுத்து, தப்பு என்பது நம் விருப்பத்தைச் சார்ந்ததல்ல என்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

க்யூபின் பலத்தை மெஷினில் வைத்து அளக்கலாம். தப்பை அளக்க மெஷின் இல்லை. ஆகவே நண்பன் கேட்டது நல்ல கேள்வியே. ஆனால் அதே நண்பனுக்கு இன்டர்னலில் இரண்டு மார்க் குறைத்துப் போட்டபோது, "எனக்குப் பிடிக்கலை" என்று அவன் சொல்லவில்லை. "இது அநியாயம்" என்றுதான் சொன்னான். அநியாயம் என்றால் மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று என்றுதானே அர்த்தம்? தனக்கு நடக்கும்போது எல்லாரும் அந்தச் சொல்லை அப்படித்தான் பயன்படுத்துகிறோம். இதனால் வழக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழக்கு முடியும் வரை சாரத்தில் ஏறாமல் இருக்க அப்பாவால் முடியாது. ஏறுகிறவர்களுக்கு இன்றைக்கே பதில் வேண்டும்.

4. பயன்பாட்டு அறவியல்

அந்தப் பதிலைத் தொழில்தோறும் தேடுவது நான்காவது கிளை. மருத்துவத்தில், சம்மதம் கேட்காமல் மனிதன்மீது பரிசோதனை நடத்தக் கூடாது என்பதை 1947இன் நியூரம்பர்க் நெறிகள் முதல் விதியாக வைத்தன. நாஜி முகாம்களில் டாக்டர்கள் செய்த கொடுமைகளின் விசாரணையிலிருந்து பிறந்தவை அவை. சுற்றுச்சூழலுக்கு, வணிகத்துக்கு, பத்திரிகைக்கு என்று தனித்தனியே அறவியல்கள் உண்டு. நம் தொழிலுக்குப் பொறியியல் அறவியல். அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 1914இலேயே நெறிமுறைகளை வகுத்துக்கொண்டது.

இங்கே ஒரு பாலத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம். நடுவிடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினார்கள். நீட்டியதால் கூடும் இரும்பின் எடையைக் கணக்கில் சரியாகத் திருத்தவில்லை. கீழ்ச்சட்டங்கள் வளைகின்றன என்று சைட்டில் இருந்தவர்கள் அளந்து எழுதினார்கள். கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. வேலை நிற்கவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை பாலம் ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளிகள் இறந்தார்கள். அளவு எடுத்தவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். அந்த எண்ணுக்கு உரிய மரியாதை தரப்படவில்லை.

1925இல் கனடாவில் ஒரு சடங்கு தொடங்கியது. படிப்பு முடிக்கும் இன்ஜினியர்கள் உறுதிமொழி எடுத்து, ஒரு சாதாரண இரும்பு மோதிரம் அணிந்துகொள்கிறார்கள். விழுந்த பாலத்தின் இரும்பில் செய்தது என்று சொல்லும் கதை உண்மையல்ல. ஆனால் அதை அணியும் இடம் கவனிக்கத்தக்கது. வேலை செய்யும் கையின் சுண்டுவிரல். எழுதும்போதெல்லாம், வரையும்போதெல்லாம் அது காகிதத்தில் உரசும். உரசும்போதெல்லாம் நினைவு வர வேண்டும் என்பதற்காக.

எனக்கு மோதிரம் இல்லை. அப்பா சொன்ன அந்த மூன்று வரி உரசிக்கொண்டே இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது?

இரண்டு நாள் கழித்து, தயங்கித் தயங்கி சைட் இன்ஜினியர் சாரிடம் போய்ச் சொன்னேன். முதலில் திட்டினார். பிறகு ரிஜிஸ்டரை வாங்கி, என் மூன்று எண்களையும் சிவப்பு மையில் அடித்து, 'க்யூப் எடுக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரீபவுண்ட் ஹேமர் கொண்டுவந்து ஸ்லாப்பில் பல இடங்களில் தட்டிப் பார்த்தார்கள். அது துல்லியமான பலத்தைச் சொல்லாது, ஓரளவு மதிப்பிட உதவும். ரீடிங் திருப்தியாக வந்தது. ஸ்லாப்புக்கு ஒன்றுமில்லை.

சூப்பர்வைசர் அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "இதனால உனக்கு என்ன கிடைச்சுது தம்பி?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கெட்டவர் அல்ல. முதல் நாள் எனக்குச் சாப்பாடு இல்லை என்று தன் டிபன் பாக்ஸைப் பாதி பிரித்துக் கொடுத்தவர். அவருக்கு என்னால் ஏச்சு விழுந்தது. "படிப்பு முடிஞ்சதும் இங்கயே வந்துடு, வேலை இருக்கு" என்று அதற்கு முன் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலை தேவைப்படும் வீடு எங்கள் வீடு. தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவுக்கு முட்டி வலி.

ஆகவே அறவழியில் நடந்தால் நல்லதே நடக்கும் என்று கதை அளக்க நான் விரும்பவில்லை. ஸ்லாப் நன்றாக இருந்தது. நான் எழுதியது மட்டும் பொய்யாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நான்கு கிளைகளும் தேவைப்பட்டன.

முடிவாக

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நாமெல்லாம் வேலைக்குப் போவோம். மெக்கானிக்கல் நண்பன் பாய்லர் பிரஷர் எழுதுவான். எலக்ட்ரிகல் தோழி எர்த் ரெசிஸ்டன்ஸ் எழுதுவாள். நான் க்யூப் ரீடிங் எழுதுவேன். எழுதுகிற இடத்தில் நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள். அப்போது இந்த நான்கு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். எல்லாரும் என்ன செய்கிறார்கள்? நான் என்ன செய்ய வேண்டும்? 'வேண்டும்' என்று நான் சொல்வதன் பொருள் என்ன? இந்த எண்ணை நம்பி நாளைக்கு மேலே ஏறப் போகிறவர் யார்?

கடைசிக் கேள்விக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது. காலை ஆறரை மணிக்குக் கரண்டியையும் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போகிறார். யாரோ ஒரு பையன் எழுதிய எண்ணை நம்பி, ஏதோ ஒரு ஸ்லாப்பின் மேல் ஏறி நின்று செங்கல் அடுக்குகிறார். அந்தப் பையன் உண்மையைத்தான் எழுதியிருப்பான் என்று நம்புகிறேன்.

இந்த வருடம் என் லேப் ரெக்கார்டில் ஒரு எக்ஸ்பெரிமென்டுக்கு விடை சரியாக வரவில்லை. வந்த ரீடிங்கையே எழுதினேன். இரண்டு மார்க் போயிற்று. பரவாயில்லை.

 

- மூன்றாமாண்டு சிவில் மாணவன்